கிலோவுக்கு எத்தனை பெக்கரல்? மூலிகையில் கதிரியக்கத்தை அளப்பது பற்றி

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். திரும்ப வந்த வார்த்தைகளைக் குறைத்திருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



இன்னைக்கு ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். தப்பு என்னுடையது.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். சில வருஷங்களுக்கு முன்னால் என் மாணவர்கள் உள்ளூர்ச் சந்தையிலிருந்து கீழாநெல்லி, மூக்கிரட்டை, வல்லாரை, நெருஞ்சில் எல்லாம் வாங்கிவந்து, காயவைத்துப் பொடித்து, அதில் எவ்வளவு கதிரியக்கம் இருக்குன்னு அளந்தாங்க. நல்ல வேலை. கண்காட்சிக்கு ஒரு பெரிய அட்டை தயார் பண்ணினோம். ஒவ்வொரு மூலிகைக்கும் நேராக "கிலோவுக்கு இத்தனை பெக்கரல்" என்று ஒரே ஒரு எண். சிலதுக்கு மூன்று இலக்கம். அதைச் சரிபார்த்து, போடலாம்னு சொன்னது நான்தான்.

பார்க்க வந்த யாரோ அந்த அட்டையைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் போட்டுவிட்டார். "நம்ம ஊர் மூலிகையில் கதிர்வீச்சு, கல்லூரியே சொல்லுது" என்று மேலே ஒரு வரி. ரெண்டு வாரத்தில், எங்களுக்கு மூலிகை கொடுத்த அந்த வயசான அம்மாவிடம் வாங்க ஆள் இல்லை. சந்தையில் என்னைப் பார்த்ததும் அவங்க கேட்டது ஒரே கேள்விதான். "சாரே, அந்தக் கணக்கெல்லாம் எனக்கு எதுக்கு? இதத் தின்னா ஆளு சாவுமா, சாவாதா? அத மட்டும் சொல்லுங்க."

நான் பெக்கரல் என்றால் என்னன்னு விளக்க ஆரம்பிச்சேன். அவங்க கேட்டது அது இல்லையே. அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லணும்னா என்னென்ன தெரியணும் என்பதுதான் இன்றைய பேச்சு.

எண் எதைச் சொல்கிறது

பெக்கரல் என்பது ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். ஒரு வினாடிக்கு ஒரு அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். "இந்தத் தெருவில் ஒரு மணி நேரத்துக்கு 800 வண்டி போகுது" என்று சொல்வது மாதிரி. 800 சைக்கிளா, 800 லாரியா என்று அதில் இல்லை.

எங்கள் அட்டையில் இருந்த பெரிய எண்களில் பெரும்பகுதி பொட்டாசியம். பொட்டாசியம் இல்லாமல் செடியும் இல்லை, நாமும் இல்லை. இயற்கையில் உள்ள பொட்டாசியத்தில் 0.0117 சதவீதம் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. அதன் அரை ஆயுள் சுமார் 125 கோடி ஆண்டு. பூமி உருவானபோது இருந்ததில் மிச்சம் இன்னும் சிதைந்துகொண்டே இருக்கு. ஒரு கிராம் பொட்டாசியம் எங்கிருந்து எடுத்தாலும் சுமார் 31 பெக்கரல் காட்டும். வாழைப்பழத்தில் எடுத்தாலும் சரி, இளநீரில் எடுத்தாலும் சரி.

காய்ந்த இலையில் கிலோவுக்கு 25 கிராம் பொட்டாசியம் இருப்பது சாதாரணம். 25-ஐ 31-ஆல் பெருக்குங்க, 775. ஆக, எந்த ஊர் கீரையைக் காயவைத்து அளந்தாலும் பல நூறு பெக்கரல் வரத்தான் செய்யும். 70 கிலோ எடையுள்ள ஒரு மனுஷன் உடம்பில் சுமார் 140 கிராம் பொட்டாசியம் இருக்கு. அப்படியானால் நான் இந்த மைக் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே என் உடம்பில் வினாடிக்கு 4,000-க்கும் மேல் சிதைவு நடக்குது. உடம்பு பொட்டாசியத்தை ஒரு அளவில் வைத்திருக்கும், கூடுதலாக வந்ததைச் சிறுநீரகம் வெளியே தள்ளிடும். அதனால் கொஞ்சம் கூடச் சாப்பிட்டதால் அந்த எண் ஏறிவிடாது.

இன்னொன்று. பச்சை இலையில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்க. காயவைத்தால் ஒரு கிலோ 200 கிராம் ஆகும். அதே கதிரியக்கம், ஆனால் "கிலோவுக்கு" என்று எழுதும்போது ஐந்து மடங்காகத் தெரியும். காய்ந்த எடையா, பச்சை எடையா என்று எங்கள் அட்டையில் போடவில்லை.

லாரிகள் எவை

அப்ப சைக்கிள் எது, லாரி எது? மண்ணில் யுரேனியம், தோரியம் என்று இரண்டு பழைய குடும்பங்கள் இருக்கு. அவை சிதைந்து சிதைந்து வழியில் ரேடியம், ரேடான், ஈயம், பொலோனியம் என்று பிள்ளைகளைப் பெத்துக்கொண்டே போய், கடைசியில் கதிரியக்கம் இல்லாத ஈயமாக அடங்கும். உணவு விஷயத்தில் கவனிக்க வேண்டியவை ரேடியம்-226, ரேடியம்-228, ஈயம்-210, பொலோனியம்-210.

ரேடியம் வேதியியலில் கால்சியத்தின் சொந்தக்காரன். உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் கொண்டுபோய் வைத்துவிடும். ரேடியம்-226-க்கு அரை ஆயுள் 1,600 ஆண்டு. உள்ளே உட்கார்ந்தது நம் ஆயுசுக்கும் குறையாது. பொலோனியம் ஆல்ஃபா துகளை வெளியிடும். ஆல்ஃபாவை ஒரு காகிதம் தடுத்துவிடும், வெளியே இருந்தால் கவலையில்லை. உள்ளே போனால், தன் சக்தி முழுவதையும் பக்கத்துச் செல்களிலேயே கொட்டிவிடும்.

இதைக் கணக்கில் கொண்டுவரத்தான் சீவெர்ட் என்ற அலகு. எந்தக் கதிர், எந்த உறுப்பு, எவ்வளவு நாள் தங்கும் என்பதையெல்லாம் சேர்த்து, ஒரு பெக்கரல் விழுங்கினால் எத்தனை சீவெர்ட் என்று சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் பட்டியல் வைத்திருக்கு. அந்தப் பட்டியல்படி, பெரியவர்களுக்கு, ஒரு பெக்கரல் ரேடியம்-228 தரும் பாதிப்பு ஒரு பெக்கரல் பொட்டாசியம்-40 தருவதைப்போல 110 மடங்கு. பொலோனியம்-210 என்றால் 190 மடங்குக்கும் மேல்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இது அளந்த கணக்கு இல்லை, விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். ஒருத்தர் தினமும் 5 கிராம் மூலிகைப் பொடி, வருஷம் முழுக்கச் சாப்பிடுறார். 1.8 கிலோ ஆச்சு. அதில் பொட்டாசியம்-40 கிலோவுக்கு 775 பெக்கரல். ரேடியம்-226, ரேடியம்-228, பொலோனியம்-210 மூன்றும் கிலோவுக்கு 20 பெக்கரல் வீதம். பொட்டாசியத்தால் வருஷத்துக்கு சுமார் 9 மைக்ரோசீவெர்ட். ரேடியம்-226-ஆல் 10. ரேடியம்-228-ஆல் 25. பொலோனியத்தால் 44.

பார்த்தீங்களா? 775 கொடுத்தது 9. இருபது கொடுத்தது 44. எங்கள் அட்டை இதைத்தான் தலைகீழாகக் காட்டியது. பெரிய எண்ணைப் பார்த்து ஜனங்க பயந்தாங்க. பார்க்க வேண்டிய சின்ன எண் அங்கே தனியாக எழுதப்படவே இல்லை.

ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது

அளப்பது எப்படின்னு கொஞ்சம் சொல்றேன். செய்தியில் வரும் எண்ணை நம்பலாமா வேண்டாமா என்று முடிவுபண்ண இது உதவும்.

மூலிகையை அடுப்பில் காயவைத்து, பொடித்து, சலித்து, எடை போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஒரு மாசம் சும்மா வைக்கணும். மாணவர்களுக்குப் பிடிக்காத கட்டம் இது. ஏன் வைக்கிறோம்? ரேடியம்-226 சிதைந்தால் ரேடான்-222 என்ற வாயு வரும். மூடாமல் விட்டால் அது தப்பித்துவிடும். ரேடியத்தை நாம் நேரடியாகப் பார்ப்பதைவிட, ரேடானுக்குப் பிறகு வரும் ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டின் காமா கதிரை வைத்துக் கணக்கிடுவதுதான் வழக்கம். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். சுமார் ஏழு அரை ஆயுள் பொறுத்தால் உள்ளே எல்லாம் சமநிலைக்கு வந்துவிடும். அவசரப்பட்டு அளந்தால் ரேடியம் குறைவாகத்தான் தெரியும்.

பிறகு ஈயக் கோட்டைக்குள், திரவ நைட்ரஜனால் குளிர்ந்திருக்கும் ஜெர்மானியம் உணர்கருவியின் மேல் டப்பாவை வைக்கணும். ஒரு நாள் முழுக்க எண்ண விடணும். ஒவ்வொரு கதிரியக்க அணுவும் தனக்கென்று ஒரு ஆற்றலில் குரல் கொடுக்கும். பொட்டாசியம்-40 என்றால் 1,461 கிலோ எலக்ட்ரான் வோல்ட், சீசியம்-137 என்றால் 662. அப்புறம் வெறும் டப்பாவை அதே நேரம் வைத்து எண்ணி, அதைக் கழிக்கணும். சுவரிலும் தரையிலும் காற்றிலும் இருக்கும் கதிரியக்கம் மூலிகைக் கணக்கில் ஏறக்கூடாது.

இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை இருக்கு. பொலோனியம்-210 காமா கதிர் கொடுப்பது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இந்தக் கருவிக்கு அது தெரியாது. மூலிகையை அமிலத்தில் கரைத்து, பொலோனியத்தை ஒரு வெள்ளித் தகட்டில் படியவைத்து, ஆல்ஃபா உணர்கருவியில் தனியாக அளக்கணும். "காமாவில் பார்த்தோம், எல்லாம் சரி" என்று ஒரு அறிக்கை சொன்னால், பெரிய லாரியை எண்ணாமல் தெருவை எண்ணியிருக்காங்க என்று அர்த்தம்.

பொலோனியம் இலைக்கு எப்படி வருது? மண்ணிலிருந்து கிளம்பும் ரேடான் காற்றில் சிதைந்து ஈயம்-210 ஆகிறது. அது மழையோடும் தூசியோடும் இலைமேல் விழுது. அங்கே இருந்து பொலோனியமாக மாறுது. அகலமான இலையும் ரோமம் உள்ள இலையும் அதை நன்றாகப் பிடித்துவைக்கும். புகையிலையில் பொலோனியம் இருப்பதை ராட்ஃபோர்டும் ஹன்ட்டும் 1964-லேயே எழுதிவிட்டாங்க. நெருப்பின் சூட்டில் அது ஆவியாகிப் புகையோடு நேராக நுரையீரலுக்குப் போகும். அதனால் மூலிகைதானே என்று சுருட்டிப் புகைப்பதை மட்டும் யாரும் மருந்து என்று நினைக்காதீங்க.

கயிற்றில் ஒட்டிய மணல்

இப்ப எங்க ஊர் விஷயத்துக்கு வர்றேன். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் பளபளன்னு ஏதோ இருப்பதைக் கவனித்தார். மோனசைட். தோரியம் உள்ள கனிமம். அந்தக் காலத்தில் விளக்கு மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. நம்ம கல்யாண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேன்டிலிலும் தோரியம்தான். அப்படித்தான் மணவாளக்குறிச்சி மணலும் கேரளத்துச் சவறா மணலும் உலகத்துக்குத் தெரிய வந்தது. அப்போது எங்கள் மாவட்டமும் திருவிதாங்கூரில்தான் இருந்தது.

இந்தக் கயிற்றுக் கதையை நான் வகுப்பில் வருஷா வருஷம் சொல்வேன். ஆனால் அட்டை போடும்போது அதே கதை என் கண்ணுக்கு முன்னால் இருந்தது எனக்குத் தெரியவில்லை. கயிற்றில் ஒட்டிய மணல் மாதிரி, வேரில் ஒட்டிய மணல்!

கணக்கு பாருங்க. ஒரு கிராம் தோரியம் சுமார் 4,000 பெக்கரல். இந்திய மோனசைட்டில் தோரியம் ஏறக்குறைய எட்டு சதவீதம். அப்போ ஒரு கிராம் மோனசைட்டில் தோரியம்-232 மட்டுமே 300 பெக்கரலுக்கு மேல். ஒரு கிலோ வேர்ப்பொடியில் நாலைந்து அரிசி எடைக்கு, அதாவது 0.1 கிராம் மோனசைட் கலந்திருந்தால் போதும், கிலோவுக்கு 30 பெக்கரல் தோரியம் என்று கருவி காட்டும். செடி அதை உறிஞ்சியதா, வேரில் மணலாக ஒட்டியிருந்ததா என்று கருவிக்குத் தெரியாது.

மாணவர்களைத் திரும்ப உட்காரவைத்தேன். ஒரே கட்டு மூக்கிரட்டையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சந்தையில் வாங்கியபடி, இன்னொரு பாதியை நாலு தண்ணீரில் அலசி அளந்தோம். அலசிய பாதியில் தோரியம் குடும்பத்தின் எண்கள் தெளிவாக இறங்கின. பொட்டாசியம் பெரிதாக அசையவில்லை. ஒன்று வெளியே ஒட்டியது, மற்றது செடிக்குள்ளேயே இருப்பது. ஒரு கட்டை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது, ஆனால் எங்களுக்கு விஷயம் புரிந்தது. மோனசைட் தண்ணீரைப் போல ஐந்து மடங்கு கனம். கல் அரிப்பது மாதிரி அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, மூலிகையை மேலாக அள்ளி எடுத்தால் மணல் அடியில் தங்கிவிடும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வேலை இது.

அப்ப ஆபத்து எவ்வளவு

மறுபடியும் அந்த 5 கிராம் ஆசாமியிடம் வருவோம். எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 90 மைக்ரோசீவெர்ட்டுக்குள். அதாவது 0.09 மில்லிசீவெர்ட். உலகத்தில் ஒரு மனுஷனுக்கு இயற்கையிலிருந்து கிடைக்கும் சராசரி வருஷத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட். குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியாக வைத்திருப்பது 0.1 மில்லிசீவெர்ட். கஷாயம் வைத்துச் சக்கையை எறிந்துவிட்டால் இதிலும் ஒரு பகுதிதான் உள்ளே போகும்.

ரேடியம் உண்மையில் ஆளைக் கொன்ற கதையும் இருக்கு. 1920-களில் அமெரிக்காவில் 'ரேடித்தார்' என்று ரேடியம் கலந்த தண்ணீரைச் சத்து மருந்தாக விற்றாங்க. எபன் பயர்ஸ் என்ற பணக்காரர் ஆயிரம் புட்டிக்கும் மேல் குடித்து, தாடை எலும்பு அரித்துப்போய் 1932-ல் இறந்தார். ஒரு புட்டியில் ரேடியம்-226, ரேடியம்-228 இரண்டும் தலா சுமார் 37,000 பெக்கரல். நம் கணக்கில் ஒருத்தர் வருஷம் முழுக்க விழுங்குவது தலா 37 பெக்கரல். அவருடைய ஒரு புட்டி, நம்ம ஆளுக்கு ஆயிரம் வருஷ மூலிகை.

கேரளத்தில் கருநாகப்பள்ளியில் மோனசைட் மணல்மேலேயே வாழும் மக்களைத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் பல வருஷம் பின்தொடர்ந்தது. சுமார் 70,000 பேர், சராசரியாகப் பத்தரை ஆண்டு. 2009-ல் வெளியான முடிவில், மண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சு கூடுதலாக உள்ள இடங்களில் புற்றுநோய் அதிகரித்ததாகத் தெரியவில்லை. அது வெளியிலிருந்து படும் கதிர், நாம் பேசுவது உள்ளே போவது. இரண்டையும் குழப்பக்கூடாது. ஆனாலும் அளவைப் பற்றி ஒரு நிதானம் அதிலிருந்து கிடைக்குது.

நிதானம் என்றால் அலட்சியம் இல்லை. மூன்று பேர் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஒன்று, குழந்தைகள். ஒரு வயதுக் குழந்தைக்கு ஒரு பெக்கரல் பொலோனியம் தரும் பாதிப்பு பெரியவர்களைப்போல ஏழு மடங்குக்கு மேல். இரண்டு, எலும்பு வளரும் பருவத்துப் பிள்ளைகள். ரேடியம்-228-க்கு அவர்களுக்கும் ஏழு மடங்குக்கு மேல். மூன்று, கர்ப்பிணிகள். இவர்களுக்கு மாசக்கணக்கில் தினமும் ஒரே பொடியைக் கொடுக்கும் முன்னால் மருத்துவரிடம் கேளுங்க.

கடைசியாக ஒன்று. நாட்டு மருந்தில் உலோகம் என்று பார்த்தால் கதிரியக்கத்தைவிடச் சாதாரண ஈயம், பாதரசம், ஆர்சனிக் என்பவைதான் என்னைத் தூங்கவிடாதவை. 2004-ல் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-ல் இவை இருந்தன. அந்தச் சோதனைக்கு ஈயக் கோட்டையும் வேண்டாம், ஒரு மாசக் காத்திருப்பும் வேண்டாம். கதிரியக்கத்துக்குப் பயந்து கீழாநெல்லியை விட்டுவிட்டு, பெயர் தெரியாத பற்பத்தை வாங்கிச் சாப்பிட்டால் அதில் என்ன லாபம்?

கேட்டவர்களுக்கு

முன்பே இரண்டு கேள்வி வந்திருந்தது. காமா கதிரால் கிருமி நீக்கிய மூலிகைப் பொடி கதிரியக்கம் ஆகிவிடுமா? ஆகாது. கோபால்ட்-60-இன் காமா கதிருக்கு இலையைக் கதிரியக்கப் பொருளாக மாற்றும் அளவு ஆற்றல் இல்லை. எக்ஸ்ரே எடுத்த கை எக்ஸ்ரே வீசாது இல்லையா, அது மாதிரி.

இணையத்தில் வாங்கும் சின்னக் கருவியைப் பொட்டலத்துமேல் வைத்துப் பார்க்கலாமா? கிலோவுக்கு 20 பெக்கரலை அது பார்க்காது. சுவரையும் தரையையும்தான் அளந்து காட்டும்.

அந்த அம்மாவிடம் திரும்பப் போனேன். "சாவாதும்மா. ஆனா வேரை நாலு தண்ணி அலசி வித்தா நல்லது"ன்னு சொன்னேன். "இத அன்னைக்கே அட்டையில எழுதியிருக்கலாம்லா"ன்னாங்க. எழுதியிருக்கலாம். இப்போது துறையில் மாட்டியிருக்கும் புது அட்டையில் ஒவ்வொரு மூலிகைக்கும் எந்தத் தனிமம், காய்ந்த எடையா, வருஷத்துக்கு எவ்வளவு சாப்பிட்டால் எத்தனை மைக்ரோசீவெர்ட் என்று தனித்தனிக் கட்டம் இருக்கு. அதை யாரும் படம் எடுத்து அனுப்பவில்லை. அவங்களிடம் பழைய ஆட்களில் சிலர் திரும்ப வந்திருக்காங்க, சிலர் வரவே இல்லை.

அடுத்த முறை இப்படி ஒரு எண் உங்கள் போனுக்கு வந்தால், அனுப்பியவரிடம் மூன்று கேள்வி கேளுங்க. எந்தத் தனிமம்? காய்ந்ததா பச்சையா? ஒரு நாளைக்கு எத்தனை கிராம்? பதில் வராவிட்டால் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீங்க. அந்த மூலையில் கூடையோடு யாரோ உட்கார்ந்திருக்காங்க.